எரிந்துகொண்டே மேலே வந்த விளக்கு

மதுரைக் கருத்தரங்கில் எனக்கு இருபது நிமிடம் தருவதாக எழுதியிருந்தார்கள். இருபது நிமிடத்துக்கு இருபது ஸ்லைடு. அதற்கு மேல் ஒன்று வைத்தாலும் பேசுகிறவன் ஓடுவான், கேட்கிறவன் நின்றுவிடுவான் என்பது யாழ்ப்பாணத்தில் என் மாணவர்களுக்கு ஆண்டுதோறும் நான் சொல்லும் பாடம். தொழில்நுட்பக் கல்லூரி ஒன்றில் வேலைத்தளப் பாதுகாப்பு படிப்பிக்கிறேன். மேடையில் நின்று ஒரு விஷயத்தை விளங்கச் சொல்வது எப்படி என்பதையும் சேர்த்தே படிப்பிக்கிறேன். ஆகவே கடல் தாண்டி வந்து இறங்கியபோது எனக்குப் பயம் ஏதும் இல்லை. கொஞ்சம் தலைக்கனம்கூட இருந்தது.

பேச வந்த விஷயம் கிணற்றுச் சாவு. தண்ணீர் இறைக்கும் எஞ்சினைக் கிணற்றுக்குள்ளேயே இறக்கி வைத்து ஓட்டுகிறார்கள். அதன் புகையில் உள்ள நஞ்சு அடியில் தங்கிவிடுகிறது. பிறகு தூர்வார இறங்குகிறவர் திரும்பி வருவதில்லை. எங்கள் பக்கத்திலும் இது நடக்கிறது, மதுரைக்கு மேற்கேயும் நடக்கிறது. இங்கே ஒரு கல்லூரியில் படிப்பிக்கும் பாண்டிச்செல்வியும் நானும் ஓராண்டாக மின்னஞ்சலில் எழுதி எழுதிச் சேர்த்த கட்டுரை அது. அவரை அதுவரை நான் நேரில் பார்த்ததில்லை.

வண்டியூர்த் தெப்பக்குளத்துக்கு அருகே அறை எடுத்திருந்தார்கள். பெட்டியை வைத்துவிட்டுக் கீழே தேநீர்க் கடைக்குப் போனேன். பால் இல்லாமல் தேநீர் வேண்டும் என்றேன். எங்கள் ஊரில் வெறுந்தேத்தண்ணி கேட்டால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். கடைக்காரர் ஆற்றுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

“என்னண்ணே, வயிறு சரியில்லையா? எலுமிச்சம்பழம் பிழிஞ்சு தரவா?”

வயிறு நன்றாகத்தான் இருக்கிறது என்று சொன்னபோது என் பேச்சைக் கேட்டு, “சிலோனா?” என்றார். பிறகு எலுமிச்சம்பழத்தையும் பிழிந்தே கொடுத்தார். இட்லிக்கு மூன்று சட்னியும் சாம்பாரும் கேளாமலே வந்தன. யாழ்ப்பாணத்தில் சம்பல் தீர்ந்தால் கையைத் தூக்க வேண்டும். இங்கே போதும் என்று சொல்வதற்குத்தான் கையைத் தூக்க வேண்டியிருந்தது.

மாலையில் பாண்டிச்செல்வி ஸ்கூட்டியில் வந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். தல்லாகுளத்தில் ஏதோ ஓர் அலுவலகத்தில் விருந்தினருக்கு அழைப்பிதழ் கொடுத்துவிட்டு வருவதாகச் சொன்னார். முகமெல்லாம் வியர்வை. உட்காரவில்லை.

“சார், பதினேழாவது ஸ்லைடுல இருக்காருல்ல, எழுமலைக் காசிமாயன். அவரு உங்களைப் பாக்கணும்ங்கிறாரு. நாளைக்குப் போயிட்டு வந்துருங்களேன். எனக்கு இங்க ஆயிரம் வேலை கெடக்கு.”

பதினேழாவது ஸ்லைடை எனக்கு மனப்பாடமாகத் தெரியும். ‘நேர்வு மூன்று. எழுமலை. திறந்த கிணறு. விளக்குச் சோதனை செய்யப்பட்டது. ஒரு மரணம்.’ அவ்வளவுதான் எழுதியிருந்தேன். ஸ்லைடில் சொற்கள் குறைவாக இருக்க வேண்டும் என்பதும் என் பாடங்களில் ஒன்று.

மறுநாள் காலை பேருந்தில் போனேன். உசிலம்பட்டி தாண்டிக் கொஞ்ச தூரத்தில் சக்கரம் பஞ்சர். எல்லோரையும் இறக்கிவிட்டார்கள். புளியமர நிழலில் நின்றோம். இரண்டு பக்கமும் தரிசு, நடுவில் ஒரு துண்டு பருத்தி, தூரத்தில் மலை. எங்கள் ஊரில் இவ்வளவு தூரம் கண்ணுக்குத் தடையில்லாமல் நிலத்தைப் பார்க்க முடியாது. பனையோ வேலியோ மறைத்துவிடும்.

நடத்துநரும் ஓட்டுநரும் சக்கரத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் நின்ற பெரியவர் ஒருவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“எங்கிட்டுப் போறீக?”

“எழுமலைக்கு. காசிமாயன் எண்டு ஒராள்.”

“எந்தக் காசிமாயன்? வெளக்கு விடாம மச்சானக் கெணத்துக்குள்ள எறக்கிவிட்டானே, அவனா?”

விளக்கு விட்டார் என்றுதானே எங்கள் கட்டுரையில் இருக்கிறது என்றேன். பெரியவர் சிரித்தார். அதில் கேலி இல்லை, அலுப்புத்தான் இருந்தது.

“விட்டதாச் சொல்றான். வெளக்கு விட்டா அணைஞ்சிருக்கும்ல? அணைஞ்சிருந்தா எவனாச்சும் எறங்குவானா? ஆளு செத்துப்போனான். அப்ப வெளக்கு விடலன்னுதான அர்த்தம்? வெளக்கு பொய் சொல்லாது தம்பி. மனுசன்தான் சொல்லுவான்.”

கூட நின்றவர்கள் தலையாட்டினார்கள். கிணற்றில் கெட்ட காற்று இருக்கிறதா என்று பார்க்க எரியும் விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்குவது இந்தப் பக்கத்து வழக்கம். எங்கள் பக்கத்திலும் உண்டு. காற்றில் பிராணவாயு குறைந்திருந்தால் விளக்கு அணையும். அந்த மட்டில் அது உண்மையே சொல்லும். எஞ்சின் புகையின் நஞ்சு வேறு. அதற்கு நிறமில்லை, மணமில்லை. விளக்கை அது ஒன்றும் செய்யாது, மனிதனை மட்டும் கொல்லும். புளியமரத்தடியில் இதைச் சொல்லத் தொடங்கினேன். அதற்குள் சக்கரம் மாட்டியாகிவிட்டது, எல்லோரும் ஏறிவிட்டார்கள்.

எழுமலையில் காசிமாயன் பேருந்து நிறுத்தத்திலேயே நின்றிருந்தார். நாற்பது வயதுக்கு உட்பட்டவர், அதற்கு அதிகமாக நரை. கடையில் எனக்கு ஒரு கலர் சோடா வாங்கிக் கொடுத்தார். நான் குடித்து முடிக்கும்வரை காத்திருந்தார். பிறகு பைக்கில் ஏற்றிக்கொண்டு நேராகக் கிணற்றுக்குப் போனார்.

எங்கள் ஊர்க் கிணறு வட்டமாக, வீட்டுப் பெண்கள் எட்டிப் பார்க்கும் அளவில் இருக்கும். இது பாறையை வெட்டித் தோண்டிய சதுரக் கிணறு. என் வீட்டையும் முற்றத்தையும் சேர்த்து உள்ளே வைத்துவிடலாம். பக்கவாட்டில் கல்படிகள். பாதி ஆழத்தில் ஒரு பாறைத் திட்டு. அதில் கறுப்பாக எண்ணெய்க்கறை.

“அந்தத் திட்டுலதான் ஆயில் எஞ்சின வச்சோம். மேல வச்சா தண்ணி எடுக்காது. அம்புட்டு ஆழம். காலைல இருந்து ஓடுச்சு. தண்ணி வத்துனதும் அணைச்சுட்டு, புகையெல்லாம் போகட்டும்னு உக்காந்து சோறு தின்னோம். புகை போயிருச்சு. கண்ணுக்கு ஒண்ணுந் தெரியல. அப்புறந்தான் வெளக்கு விட்டேன்.”

இறங்கியவர் பரமன், காசிமாயனின் அக்காள் கணவர். அடிச் சேற்றில் நின்று மண்வெட்டியை வாங்கினாராம். களைத்தவர்போல உட்கார்ந்தாராம். அப்படியே சாய்ந்தாராம். காசிமாயன் பாய்ந்து இறங்கப் போனபோது நான்கு பேர் கட்டிப் பிடித்துக்கொண்டார்கள்.

“அவுக விட்டிருந்தா நானும் போயிருப்பேன். போயிருந்தா இந்தப் பேச்சும் இருந்திருக்காது” என்றார்.

பிறகு தன் வீட்டுக்குக் கூட்டிப்போய்ப் பரணிலிருந்து ஒரு சாக்கை இறக்கினார். உள்ளே அரிக்கேன் விளக்கு. கயிறுகூட இன்னும் அதன் கைப்பிடியில் கட்டியே இருந்தது. இரண்டு ஆண்டாக அதை யாரையும் தொடவிடவில்லையாம்.

“நல்லாக் கேட்டுக்கங்க சார். இது மேல வரும்போது எரிஞ்சுக்கிட்டு வந்துச்சு. நாந்தான் ஊதி அணைச்சேன். எண்ணெய் வீணாப் போகுதேன்னு ஊதி அணைச்சுட்டு, ‘எரியுது மச்சான், எறங்கு’ன்னு சொன்னேன். எரியாமலா ஊதுவேன்?”

ஓராண்டாக இந்தச் சம்பவத்தைப் பற்றி எழுதியிருக்கிறேன். அவர் அதை ஊதி அணைத்தார் என்பது எனக்குத் தெரியாது. கேட்கத் தோன்றவுமில்லை. வெட்கமாக இருந்தது.

அக்காள் ஒச்சம்மாள் அடுத்த தெருவில் இருக்கிறாள். பரமன் இறந்த நாளிலிருந்து தம்பியோடு ஒரு சொல் பேசவில்லை. பிரேதப் பரிசோதனை அறிக்கையில் புகைநஞ்சு என்று தெளிவாக எழுதியிருக்கிறது. ஆனால் ஆங்கிலத்தில். ஒரு பிரதி அவள் பெட்டியில் கிடக்கிறது. பாண்டிச்செல்வி அதை வாசித்துக் காட்டப் போனபோது, “அவன் அனுப்பிச்சு வந்தீகளா?” என்று கேட்டுக் கதவைச் சாத்திவிட்டாளாம்.

“நான் போய்க் கதைக்கட்டா?” என்று கேட்டேன்.

“வேணாம் சார். எங்கூட வந்தீகன்னு தெரிஞ்சா உங்களுக்கும் கதவச் சாத்திரும். நாளைக்கு மகளிர் குழுவுல எல்லாத்தையும் வேன்ல கூட்டிட்டு வாராக, கூட்டத்துக்கு ஆளு வேணும்னு. அக்காவும் வருது. நீங்க வெளியூர்க்காரவுக. மைக்குல எம்பேரச் சொல்லி, அவன் வெளக்கு விட்டான்னு சொல்லுங்க. அது காதுல விழுந்தாப் போதும்.”

“சொல்லுறன்” என்றேன்.

“நெசமா?”

“நிச்சயமாச் சொல்லுறன் தம்பி.”

மூன்றாம் நாள் விடிந்ததும் தெப்பக்குளத்தைச் சுற்றி நடந்து பேசிப் பழகினேன். கையில் கடிகாரம். தண்ணீர் நிறைந்திருந்தது, நடுவில் மண்டபம். நடைப்பயிற்சிக்கு வந்தவர்கள் தனியாகப் பேசிக்கொண்டு போகும் என்னைக் கண்டு விலகி நடந்தார்கள். இரண்டு சுற்றிலும் கணக்கு ஒன்றுதான். என் பேச்சில் காசிமாயன் பதினேழாவது நிமிடத்தில்தான் வந்தார். முன்னே கொண்டுவரலாமா என்று யோசித்தேன். நீரியல் வரைபடங்களை முதலில் காட்டாமல் அவரைக் காட்டினால் கட்டுரையின் ஒழுங்கு கெடும் என்று விட்டுவிட்டேன். இதை எழுதும்போது அந்த ஒழுங்கின்மேல் எனக்கே கோபம் வருகிறது.

கருத்தரங்கு பத்து மணிக்கு. விருந்தினர் வரப் பதினொன்றாகிவிட்டது. குத்துவிளக்கு ஏற்றினார்கள். ஐந்து திரிக்கு ஐந்து பேர், ஒவ்வொருவருக்கும் ஒரு புகைப்படம். வரவேற்புரை, தலைமையுரை, மூன்று வாழ்த்துரை. பேசுகிற ஒவ்வொருவரும் மேடையில் இருக்கிற ஒவ்வொருவரையும் ‘அவர்களே’ என்று பெயர் சொல்லி விளித்த பிறகே பேசினார்கள். பிறகு பொன்னாடை. எனக்கும் ஒன்று போர்த்தினார்கள். எங்கள் ஊரிலும் பேச்சு நீளும். ஆனால் மின்சாரம் போய் எங்களைக் காப்பாற்றிவிடும். இங்கே மின்சாரம் போகவேயில்லை.

மேடையிலிருந்து கூட்டத்தைப் பார்த்தேன். வலப்பக்கம் ஒரே நிறச் சேலையில் மகளிர் குழுப் பெண்கள். அதில் ஒச்சம்மாள் யார் என்று எனக்குத் தெரியாது. பின் கதவருகே காசிமாயன் நின்றுகொண்டிருந்தார். நாற்காலி காலியாக இருந்தும் உட்காரவில்லை.

ஒரு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது என் பெயரை அழைத்தார்கள். நான் எழுந்ததும் அமர்வுத் தலைவர் ஒரு துண்டுச் சீட்டை என் கையில் வைத்தார். ‘4 நிமிடம்’ என்று எழுதியிருந்தது. ஒலிபெருக்கியிலும் அதைச் சொல்லிவிட்டார்.

“நேரத்தின் அருமை கருதி, இலங்கையிலிருந்து வந்திருக்கும் அய்யா அவர்கள் நாலே நிமிசத்துல முடிச்சுக்கிருவாங்க. அடுத்து சாப்பாடு.”

சாப்பாடு என்ற சொல் விழுந்ததும் பெண்கள் பைகளை எடுத்துக்கொண்டு எழத் தொடங்கினார்கள். திரையில் என் முதல் ஸ்லைடு நின்றது. நீண்ட தலைப்பு, கீழே என் பெயரும் பட்டங்களும். அடுத்த பதினைந்தையும் தாண்டித்தான் காசிமாயன்.

கணினியின் மூடியைச் சாத்தினேன். திரை இருண்டது. எழுந்த பெண்கள் சிலர் ஏதோ பழுது என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தார்கள். ஒலிவாங்கியைக் கழற்றிக்கொண்டு குத்துவிளக்குக்குப் பக்கத்தில் போய் நின்றேன். விசிறிக் காற்றில் மூன்று திரி அணைந்து, இரண்டு எரிந்துகொண்டிருந்தன.

“இந்த விளக்கு எரியுது. எல்லாருக்கும் தெரியுதோ? எழுமலைக் கிணத்துக்குள்ளயும் விளக்கு எரிஞ்சது. காசிமாயன் எண்டவர் அதைக் கயித்தில கட்டி அடிமட்டும் இறக்கினவர். அது அணையேல்லை. எரிஞ்சுகொண்டே மேல வந்தது. எண்ணெய் வீணாகுது எண்டு அவர் தன்ர வாயாலதான் ஊதி அணைச்சவர். அதுக்குப் பிறகுதான் அவற்ற மச்சான் இறங்கினவர். இறங்கினவர் திரும்பி வரேல்லை.”

எழுந்தவர்கள் உட்காரவில்லை. ஆனால் நடக்கவும் இல்லை.

“விளக்குப் பொய் சொல்லேல்லை. அவரும் பொய் சொல்லேல்லை. எஞ்சின் புகையில இருக்கிற நஞ்சு விளக்கை அணைக்காது. விளக்கு அணைஞ்சால் இறங்காதேங்கோ. அணையாட்டியும், உள்ளுக்கு எஞ்சின் ஓடின கிணத்தில இறங்காதேங்கோ. ஒருத்தர் விழுந்தால் அவரைத் தூக்க இன்னொருத்தர் இறங்காதேங்கோ. காசிமாயனை நாலு பேர் கட்டிப் பிடிச்சிராட்டில் அண்டைக்கு ரெண்டு சாவு. இதைச் சொல்லத்தான் வந்தனான். செத்த மனிசன்ர பேரை நான் சொல்லேல்லை. வீட்டுக்காரரைக் கேக்காமல் சொல்லக் கூடாது.”

தலைவர் மணியை அடித்தார். அப்போது வலப்பக்கத்திலிருந்து ஒரு பெண்குரல்.

“பரமன். அவரு பேரு பரமன்.”

உயரமான பெண். பையைத் தோளில் மாட்டியபடி நின்றாள். கண் என்மேல் இருந்தது.

“மேல வந்த வெளக்கு எரிஞ்சுச்சா?”

“எரிஞ்சது அம்மா.”

“நீங்க பாத்தீகளா?”

அந்தக் கேள்விக்கு என்னிடம் ஸ்லைடு இல்லை. “நான் பாக்கேல்லை. ஆனால் உங்கட மனிசன்ர உடம்பில அந்த நஞ்சுதான் இருந்தது. அறிக்கையில எழுதியிருக்கு. அந்த நஞ்சு இருந்தாலும் விளக்கு எரியும்” என்றேன்.

“நன்றி, நன்றி. கேள்விகளுக்கு நேரமில்லை” என்றார் தலைவர். கூட்டம் சாப்பாட்டுக்கு நகர்ந்தது.

பந்தியில் என் இலையில் சாம்பார் ஊற்றியவரிடம் போதும் என்று சொல்லவும் மறந்து உட்கார்ந்திருந்தேன். ஒச்சம்மாள் சாப்பிடவில்லை. பாண்டிச்செல்வியைத் தேடிப் பிடித்து, பைக்குள்ளிருந்து நான்காக மடித்த காகிதத்தை எடுத்து நீட்டினாள். பெட்டியில் கிடந்த அறிக்கை. காலையிலேயே எடுத்துக்கொண்டுதான் வந்திருக்கிறாள்.

“ஒரு வரி விடாம வாசிங்க டீச்சர்.”

இருவரும் மரத்தடியில் உட்கார்ந்தார்கள். பாண்டிச்செல்வி ஒவ்வொரு வரியாக ஆங்கிலத்தில் வாசித்துத் தமிழில் சொன்னார். சில வரிகளை ஒச்சம்மாள் இரண்டு முறை சொல்லச் சொன்னாள். பரமனின் நுரையீரல், இதயம், ரத்தம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். வேன்காரர் வந்து இரண்டு தரம் அழைத்தார். கையை அசைத்து அனுப்பிவிட்டாள். வேன் போய்விட்டது.

வாசித்து முடிந்ததும் காகிதத்தை முன்போலவே மடித்தாள். அழவில்லை. பத்தடி தள்ளி நின்ற தம்பியைப் பார்க்கவும் இல்லை. பேருந்து நிலையத்துக்கு எப்படிப் போவது என்று பாண்டிச்செல்வியிடம் கேட்டாள்.

ஒரு ஆட்டோவில் போனோம். அவளும் பாண்டிச்செல்வியும் நானும் பின்னால். காசிமாயன் ஓட்டுநருக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தார். வழி நெடுக அவள் வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். நான் பேசியது தோற்றுவிட்டது என்று நினைத்தேன். மேடையில் ஒரு விஷயத்தை விளங்கச் சொல்லிவிட முடியும். அதை ஏற்றுக்கொள்ள வைக்கும் வித்தை என் பாடத்திட்டத்தில் இல்லை.

எழுமலைப் பேருந்து புறப்படும் நேரம். ஒச்சம்மாள் முன்வழியாக ஏறி ஜன்னலோரம் அமர்ந்தாள். காசிமாயன் பின்வழியாக ஏறிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். இருக்கை இருந்தது. நான் ஜன்னலுக்குக் கீழே நின்றேன். ஏதாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. “போயிட்டு வாங்கோ” என்று மட்டும் சொன்னேன்.

“வாரேன்ணே” என்றாள்.

நடத்துநர் பையோடு முன்னாலிருந்து வந்தார். எங்கே என்று கேட்டார்.

“எழுமலை ரெண்டு.”

“கூட யாரும்மா?”

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பெருவிரலை மட்டும் தோளுக்குப் பின்னால் காட்டினாள்.

“பின்னாடி நிக்கிறான்ல, எந்தம்பி. அவனுக்கும் சேத்து.”